முப்பதாயிரம் ரூபாயில் ஏ.சி. மெக்கானிக்கின் பை: எதை இப்போது வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

அக்கா மகன் ஐ.டி.ஐ.யில் குளிர்பதனம், ஏ.சி. பிரிவை முடித்து, ஒரு டீலரிடம் உதவியாளாக ஒன்றரை ஆண்டு ஓட்டிவிட்டான். இனிச் சொந்தமாக வேலை எடுக்கப் போகிறானாம். கையில் முப்பதாயிரம் ரூபாய். போன மாதம் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். கறுப்புப் பெட்டி, அதற்குள் நுரைப் பஞ்சில் குழி வெட்டி வரிசையாகப் பதித்த இருபத்தொரு சாமான்கள். "மாமா, இதை எடுத்துவிடட்டுமா? பம்ப் மட்டும் தனியாக வாங்கினால் போதும்" என்று கீழே எழுதியிருந்தான். அவன் சொன்னது, குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து வெளியேற்றும் வேக்குவம் பம்ப்.

பணத்தைக் கட்டாதே, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா என்றேன். அன்று சாப்பாட்டுக்குப் பிறகு மாலை விளக்கு வைக்கும் வரை பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். தொழிலுக்குப் புதிதாக வரும் மற்றவர்களுக்கும் இதே குழப்பம் இருக்கும்.

கருவி வாங்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. இது கையில் இல்லாவிட்டால் எந்த வீட்டுக்கு நான் மறுபடி போக வேண்டியிருக்கும்? தனியாளாகத் தொழில் செய்கிறவனைத் தின்பது அந்த இரண்டாவது பயணம்தான். பெட்ரோல் நம்முடையது, அரை நாள் நம்முடையது, மறுபடி ஏற்றும் கேஸும் நம்முடையது. பில் போட முடியாது. இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால், விலை மலிவு என்று தோன்றும் பல சாமான்கள் மலிவாக இருப்பதில்லை. கட்டாயம் வேண்டும் என்று நினைக்கும் சில சாமான்கள் இல்லாமலே ஓராண்டு ஓட்டிவிடலாம்.

அவன் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, அந்தத் தயார்ப் பெட்டி. இரண்டு, தொழிலை விட்டு ஓய்வுக்குப் போகும் ஒரு பெரியவர் தன் சாமான்களை மொத்தமாகப் பதினெட்டாயிரத்துக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். மூன்று, சென்னையில் பாரிமுனைத் தெருக்களிலும் ரிச்சி தெருவிலும் நடந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவது.

பெட்டி

தயார்ப் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் ஆர்-22 காலத்துச் சாமான்கள். ஆர் என்று தொடங்கும் இவையெல்லாம் ஏ.சி.க்குள் ஓடும் குளிர்பதன கேஸ்களின் பெயர்கள், ஆர்-22 அவற்றில் பழையது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழுத்தம் காட்டும் கேஜின் முகத்தில் ஆர்-22, ஆர்-134ஏ, ஆர்-404ஏ என்ற அளவுகள். ஆர்-32 இல்லை, ஆர்-410ஏ இல்லை. இன்று கடையில் விற்கும் புதிய ஸ்பிளிட் ஏ.சி.க்களில் மிகப் பெரும்பாலானவை ஆர்-32. ஆர்-22 நிரப்பிய புதிய ஏ.சி.யை இந்தியாவில் தயாரிப்பதே 2025 ஜனவரி 1 முதல் நின்றுவிட்டது. அந்த கேஸும் 2030-க்குள் விலக வேண்டிய பட்டியலில் இருக்கிறது. பழைய இயந்திரங்கள் இன்னும் சுவரில் தொங்குகின்றன, அவற்றுக்கு வேலையும் வரும். ஆனால் இருபத்திரண்டு வயதுப் பையன் தொழிலைத் தொடங்குவது அந்தப் பக்கம் பார்த்து இருக்கக் கூடாது.

அழுத்தக் கணக்கையும் அவனுக்குச் சொன்னேன். சித்திரை வெயிலில் கண்டென்சர் (சூட்டை வெளியே தள்ளும் சுருள்) 50 டிகிரியைத் தொடும்போது ஆர்-22-இன் உயர் அழுத்தப் பக்கம் ஏறக்குறைய 265 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) காட்டும். அதே வெப்பத்தில் ஆர்-32 நானூற்று நாற்பதை ஒட்டி நிற்கும். அதனால்தான் ஆர்-32-க்கும் ஆர்-410ஏ-வுக்கும் 800 பி.எஸ்.ஐ. வரை தாங்கும் ஹோஸும் (கேஜை ஏ.சி.யோடு இணைக்கும் ரப்பர்க் குழாய்), உயர் பக்கம் 800 வரை அளவு உள்ள கேஜும் வேண்டும். ஹோஸை மாட்டும் சர்வீஸ் போர்ட்டின் அளவே மாறிவிட்டது. ஆர்-22-இல் கால் அங்குலம், இவற்றில் 5/16. பெட்டியில் வரும் ஹோஸ் நேராகப் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். அந்த அடாப்டர் பெட்டியில் இல்லை.

பெட்டியில் வரும் டியூப் கட்டர், ஸ்வேஜிங் முளை, சின்ன பெண்டர் ஆகியவை மோசமில்லை. ஆனால் அவற்றுக்காக மட்டும் ஆறாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. நுரைப் பஞ்சில் பதித்த பெட்டியை இரண்டு சக்கர வண்டியில் கட்டிக்கொண்டு நாலு மாடி ஏறினால், இரண்டாம் வாரத்திலேயே சாமான்கள் துணிப் பைக்கு இடம் மாறிவிடும். நான் பார்த்த எல்லாப் பெட்டிகளின் கதையும் இதுதான்.

பெரியவரின் சாமான்கள்

இதை அவன் மட்டமாக நினைத்தான். எனக்கு இதில்தான் ஆசை. நாற்பது ஆண்டு உழைத்த ஸ்பேனர் இன்னும் நாற்பது ஆண்டு உழைக்கும். அவரிடம் இருந்த ஹேமர் டிரில், அலுமினிய ஏணி, பெஞ்ச் வைஸ், குழாய் வளைக்கும் நெம்புகோல் பெண்டர் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. அவற்றைப் பழையதாக வாங்குவதில் நட்டம் வராது.

பழையதாக வாங்கக் கூடாதவை வேறு. ஹோஸ் வாங்கவே கூடாது. உள்ளே ரப்பர் இறுகி, முனையில் உள்ள வாஷர் தேய்ந்திருக்கும், கேஸ் கசியும், நாம் ஏ.சி.யில் கசிவு தேடிக்கொண்டிருப்போம். கேஜ் வாங்கினால், எதிலும் இணைக்காமல் வைத்தபோது முள் சுழியத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு முறை அதிக அழுத்தம் வாங்கிய முள் திரும்பி வந்து சரியாக உட்காராது. வேக்குவம் பம்ப் வாங்குவதென்றால், எண்ணெய்க் கண்ணாடியைப் பார்த்தாலே போதும். எண்ணெய் பால் கலந்தது போல இருந்தால் அந்தப் பம்ப் தண்ணீரைக் குடித்துவிட்டு, எண்ணெய் மாற்றாமல் கிடந்திருக்கிறது. பெரியவரின் பம்ப் அப்படித்தான் இருந்தது.

அவரிடம் மொத்தமாக வேண்டாம், ஏணியும் டிரில்லும் பெண்டரும் மட்டும் தரச் சொல்லுங்கள் என்று நானே போய்க் கேட்டேன். பிரித்துக் கொடுக்க மாட்டேன் என்றார். அவருடைய நியாயம் எனக்குப் புரிந்தது. நல்லதை எடுத்துக்கொண்டு போய்விட்டால் மிச்சத்தை அவர் யாரிடம் விற்பார்? ஆக அந்த வழி அடைபட்டது. உங்கள் ஊரில் பிரித்துத் தருகிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

பம்ப்: பணத்தில் மூன்றில் ஒரு பங்கு போகட்டும்

நான் தொழில் கற்ற காலத்தில் வேக்குவம் போடாமலே ஏ.சி. மாட்டியவர்கள் ஏராளம். அவுட்டோர் யூனிட்டின் வால்வைச் சற்றுத் திறந்து, உள்ளிருக்கும் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளி, மூடிவிட்டு வந்துவிடுவார்கள். ஆர்-22-இல் இருந்த மினரல் எண்ணெய் அந்தக் கொடுமையைச் சகித்துக்கொண்டது. ஆர்-32, ஆர்-410ஏ இயந்திரங்களில் பெரும்பாலும் இருப்பது பாலியெஸ்டர் வகை எண்ணெய். அது ஈரத்தை உறிஞ்சும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? குழாய்க்குள் தங்கிய ஈரம் அந்த எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரஸரின் சுருளை அரிக்கும். உடனே தெரியாது. இரண்டு, மூன்று வருடம் கழித்து கம்ப்ரஸர் போகும், யாரும் மாட்டியவரைச் சந்தேகிக்க மாட்டார்கள். ஆர்-32 தீப்பற்றக்கூடிய கேஸ் என்பதால், அதை அறைக்குள் திறந்துவிடுவது இன்னொரு முட்டாள்தனம்.

ஒற்றை நிலைப் பம்ப் ஐந்து, ஆறு ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. இரட்டை நிலை எட்டிலிருந்து பதினோராயிரம். வீட்டு ஸ்பிளிட்டுக்கு ஒற்றை நிலையே போதும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். புதிதாகவும் சுத்தமான எண்ணெயோடும் இருக்கும் வரை அது உண்மைதான். எனக்கு இரட்டை நிலை பிடிப்பதற்குக் காரணம், மழைக்காலத்தில் குழாய்க்குள் ஈரம் அதிகமாக இருக்கும்போதும், எண்ணெய் சற்றுப் பழசான பிறகும் அது ஆழமாக இழுக்கும். அதன் குறை எடை. பத்து கிலோவை ஒட்டி இருக்கும். மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடிக்குத் தூக்கும்போது என்னைத் திட்டுவான். திட்டட்டும்.

பம்பின் வேகத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். இரண்டு, மூன்று சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இழுக்கும் காற்றின் கன அடி) போதும். ஸ்பிளிட் ஏ.சி.யில் நாம் இழுப்பது ஒரே ஒரு சின்ன போர்ட் வழியாக, அதற்குள் ஒரு ஊசி வால்வு வேறு அடைத்துக்கொண்டு நிற்கிறது. பெரிய பம்ப் வாங்கி மெல்லிய ஹோஸில் இழுப்பது, பெரிய டம்ளரில் மெல்லிய ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது மாதிரி. அந்த ஊசியைக் கேஸ் வெளியேறாமல் கழற்றி வைக்க ஒரு கருவி உண்டு, கோர் ரிமூவர் என்று கேட்டால் தருவார்கள், ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். பம்பின் வேகத்தை இரட்டிப்பாக்குவதை விட அந்த ஆயிரம் ரூபாய் அதிக நேரத்தை மிச்சப்படுத்தும்.

சரி, பம்ப் போதுமான அளவு இழுத்துவிட்டது என்று எப்படித் தெரியும்? கேஜின் முள் வெற்றிடப் பக்கத்தில் பாதரச அளவில் 30 அங்குலத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். குழாய் நன்றாக உலர்ந்ததற்கு அடையாளமாகச் சொல்லப்படும் அளவு 500 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது பாதரச அளவில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 5000 மைக்ரானுக்கும் 500 மைக்ரானுக்கும் உள்ள வித்தியாசம் முள் கேஜில் ஓர் அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் குழாய் காய்ந்திருக்கிறது, மற்றதில் ஈரம் இன்னும் மிச்சமிருக்கலாம்.

ஊட்டியில் ஒரு விடுதிக்கு ஹாட் அண்ட் கோல்டு ஏ.சி. மாட்டப் போனபோது, முள் 23 அங்குலத்துக்கு மேல் நகரவே இல்லை. பம்ப் போய்விட்டது என்று பயந்து, எண்ணெயை மாற்றி, ஹோஸை மாற்றி, ஒரு முழுக் காலையை வீணாக்கினேன். 2240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே அவ்வளவுதான், முள் அதற்கு மேல் போக இடமில்லை என்பது மதியம்தான் உறைத்தது. மைக்ரான் கேஜ் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அது வெளிக்காற்றோடு ஒப்பிடாமல் வெற்றிடத்தையே நேராக அளக்கிறது.

ஆனாலும் மைக்ரான் கேஜை முதல் நாளே வாங்கச் சொல்லவில்லை. நல்லது ஆறாயிரத்துக்கு மேல். அது வரும் வரை புதிய எண்ணெய், கோர் ரிமூவர், அரை மணி நேரம் குறையாமல் ஓட்டுவது என்ற மூன்றையும் விடாமல் செய்தால், வீட்டு வேலையில் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

ஃப்ளேர்

ஃப்ளேர் என்பது செம்புக் குழாயின் வாயைக் கூம்பு போல விரித்து, நட் போட்டு இறுக்கும் இணைப்பு. மறுபடி கூப்பிடும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். புதிதாக மாட்டிய ஏ.சி. ஆறு மாதத்தில் குளிரவில்லை என்றால், நான் முதலில் பார்ப்பது இன்டோர் பக்கத்து ஃப்ளேர் நட்.

சாதாரண ஃப்ளேரிங் செட் அறுநூறு ரூபாய். கூம்பு நேராக இறங்கிக் குழாயின் வாயை அகட்டும். எக்சென்ட்ரிக் வகை மூவாயிரத்தை ஒட்டி. அதன் கூம்பு சற்று விலகி உருண்டு, வாயைத் தேய்த்து விரிக்கும். போதிய அளவு ஆனதும் கிளட்ச் விட்டுவிடும். முன்னதில் நல்ல ஃப்ளேர் போட முடியாதா என்றால் முடியும், இருபது ஆண்டுக் கைப்பழக்கம் இருந்தால். குழாயை எவ்வளவு வெளியே நீட்டுவது, எவ்வளவு இறுக்குவது என்பது கை சொல்ல வேண்டும். அவனுக்கு அந்தக் கை இன்னும் வரவில்லை. அவன் போட்ட பத்தை எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன், நான்கில் உள் விளிம்பில் மெல்லிய கோடு இருந்தது. அந்தக் கோடு வழியாகத்தான் கேஸ் போகும். ஆகவே இதில் விலை உயர்ந்ததையே எடுக்கச் சொன்னேன். கூடவே ரீமர். வெட்டிய குழாயின் உள் பிசிறைச் சுரண்டாமல் போடும் ஃப்ளேர் எந்தக் கருவியாலும் சரியாக வராது.

இறுக்குவதற்கு டார்க் ரென்ச் வாங்கலாமா என்று கேட்டான். கால் அங்குல நட்டுக்குப் பதினைந்து நியூட்டன் மீட்டரை ஒட்டி, அரை அங்குலத்துக்கு ஐம்பதுக்கு மேல் என்று கையேடுகள் சொல்கின்றன. அதைக் காட்டும் ரென்ச் நல்ல கருவிதான். ஆனால் இந்தப் பணத்தில் இல்லை. பத்து அங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் இரண்டு போதும். நிலையான ஸ்பேனர் செட்டைவிட இதுவே இங்கே மேல். அரை அங்குலக் குழாய்க்கு ஆர்-22 நட் 24 மி.மீ., ஆர்-410ஏ, ஆர்-32 வகை நட் 26 மி.மீ. 5/8 அங்குலக் குழாய்க்கு 27-க்குப் பதில் 29. பழைய செட்டில் 26-உம் 29-உம் இருப்பதில்லை, ஆள் மாடியில் நின்று தலையைச் சொறிவான்.

தராசு

2017 வாக்கில், தாம்பரம் பக்கத்தில் மூன்றாம் மாடி வீடு. ஒன்றரை டன் இன்வெர்ட்டர். கசிவை அடைத்துவிட்டு, பழைய பழக்கத்தில் அழுத்தத்தைப் பார்த்து கேஸ் ஏற்றினேன். குழாய் நன்றாக வியர்த்தது, அறை குளிர்ந்தது, பணம் வாங்கினேன். மே மாதம் வந்தது, மதியம் இரண்டு மணிக்கு மெஷின் நின்றுவிடும், மாலை தானாக ஓடும். மூன்று முறை போனேன். போர்டு, சென்சார் என்று எதையெதையோ பார்த்தேன். கடைசியில் ஒரு நண்பரின் ரெக்கவரி மெஷினை இரவல் வாங்கி, உள்ளிருந்த கேஸை எல்லாம் எடுத்து நிறுத்தேன். பெயர்ப் பலகையில் 780 கிராம் என்று இருந்தது. உள்ளே ஒரு கிலோவுக்கு மேல்.

இன்வெர்ட்டரில் கம்ப்ரஸரின் வேகம் அறையின் சூட்டுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கிறது, அதோடு அழுத்தமும் மாறுகிறது. நாம் பார்த்த நொடியில் 125 காட்டியது என்பதற்கு அர்த்தமே இல்லை. பெயர்ப் பலகையில் எழுதிய எடையை ஏற்ற வேண்டும், குழாய் நீளம் கூடினால் கையேடு சொல்லும் கிராமைக் கூட்ட வேண்டும். முடிந்தது. ஆர்-290 (புரோப்பேன்) இயந்திரங்களில் மொத்தமே முந்நூறு, முந்நூற்றைம்பது கிராம்தான் இருக்கும். அங்கே முப்பது கிராம் தவறினால் அது பத்தில் ஒரு பங்கு.

நாலாயிரம் ரூபாய்த் தராசு, ஐந்து கிராம் வரை காட்டினால் போதும். சமையலறைத் தராசை வைத்துச் சமாளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சிறிய கேனில் இருந்து ஏற்றும்போது அது வேலை செய்யும், நானே செய்திருக்கிறேன். பெரிய சிலிண்டரை அதன் மேல் வைத்தால் தராசு போய்விடும்.

கேஜ், மீட்டர்

டிஜிட்டல் மேனிஃபோல்டு, அதாவது கேஜும் வால்வும் சேர்ந்த மின்னணுக் கருவி, அவன் கனவு. கேஸ் அளவு சரியா என்று சொல்லும் வெப்பக் கணக்குகளான சூப்பர்ஹீட், சப்கூலிங் எல்லாம் தானே கணக்கிட்டுத் திரையில் காட்டும், கைப்பேசியிலும் பார்க்கலாம். பன்னிரண்டாயிரத்துக்கு மேல். வீட்டு ஸ்பிளிட்டில் ஒரே ஒரு போர்ட், அதுவும் உறிஞ்சும் பக்கத்தில். திரையில் பாதி எண்கள் காலியாகவே நிற்கும். எடை வைத்து ஏற்றுகிறவனுக்கு இந்தக் கணக்குகள் சரிபார்க்க உதவும், அவ்வளவுதான். பெரிய டக்ட் மெஷின்களுக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளட்டும். இப்போதைக்கு ஆர்-32 அளவு அச்சிட்ட முள் கேஜ், 800 பி.எஸ்.ஐ. ஹோஸ். அதில்கூட ஒற்றை வால்வு கேஜே போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

கிளாம்ப் மீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம். எழுநூறு ரூபாய் டாங் டெஸ்டரும் ஆம்பியர் காட்டும். ஆனால் இன்வெர்ட்டர் போர்டில் அலைவடிவம் சீராக இல்லாத இடத்தில் தப்பாகக் காட்டும். அங்கே ட்ரூ ஆர்.எம்.எஸ். வகை வேண்டும். கபாசிட்டரை மைக்ரோ ஃபாரடில் அளக்கும் வசதியும் வேண்டும். பழைய வகை ஒன்றரை டன் மெஷினில் 50 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர் முப்பதுக்கு இறங்கியிருந்தால், மீட்டர் அரை நிமிடத்தில் சொல்லிவிடும். இல்லாதவன் ஒரு புதுக் கபாசிட்டரைப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பான். இன்வெர்ட்டர் போர்டில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பெரிய கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. மின்சாரம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். அதை அளக்காமல் கையை விடக் கூடாது. மேலே கேட்-3 (மின் பாதுகாப்புத் தரம்), 600 வோல்ட் என்று அச்சிட்ட மீட்டரை ரிச்சி தெருவில் மூவாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கலாம். சட்டைப் பையில் செருகும் டெஸ்டர் மின்சாரம் இருக்கிறது என்று பொய் சொல்வதும் உண்டு, இல்லை என்று பொய் சொல்வதும் உண்டு.

வாங்காமல் வாடகைக்கு, இரவலுக்கு

நைட்ரஜன் சிலிண்டர். இதன் இடத்தில் எதை வைக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பற்றவைப்புக்குக் கையில் ஆக்சிஜன் இருக்கிறது, அதையே குழாயில் ஏற்றி அழுத்தம் சோதிக்கலாம் என்று நினைக்கவே கூடாது. கம்ப்ரஸர் எண்ணெயும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

நைட்ரஜன் பெரிய சிலிண்டரை இரண்டு சக்கர வண்டியில் கொண்டுபோக முடியாது. சின்னது வாங்கினாலும், 500 பி.எஸ்.ஐ.க்கு மேல் வெளியே தரும் ரெகுலேட்டர் தனிச் செலவு. எங்கள் பகுதியில் நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்னச் சிலிண்டர் வைத்திருக்கிறோம். யார் கடைசியாகப் பயன்படுத்தினாரோ அவர் வீட்டில் இருக்கும், தீர்ந்தால் அவர் நிரப்ப வேண்டும். அவனையும் ஐந்தாவதாகச் சேர்த்தாயிற்று.

பிரேசிங்கிலும் இரண்டு வழி. கையடக்க கேனோடு வரும் டார்ச் ஒன்று, ஆக்சிஜனும் எல்.பி.ஜி.யும் சேர்ந்த சின்ன செட் இன்னொன்று. புதிதாக மாட்டும் வேலையில் எல்லாம் ஃப்ளேர்தான், பற்றவைப்பே வராது. கம்ப்ரஸர் மாற்றும் வேலை வரும் வரை இரண்டுமே வேண்டாம்.

எலக்ட்ரானிக் லீக் டிடெக்டரும் இப்போது வேண்டாம். நைட்ரஜன் அழுத்தமும் சோப்பு நுரையும் வீட்டு வேலைக்குப் போதும். வாங்கும் காலத்தில் ஆர்-32-ஐ உணரும் வகையா, தீப்பற்றும் கேஸ் அருகே பயன்படுத்தத் தகுந்ததா என்று பார்த்து வாங்க வேண்டும். ஹேமர் டிரில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் சர்வீஸ் பம்ப் மார்ச் மாதத்துக்கு முன் வாங்கினால் போதும், அந்தப் பணத்தை ஜனவரி, பிப்ரவரி வேலையே கொடுத்துவிடும்.

வளைகுடாவுக்குப் போகும் எண்ணம் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையில் பாதியை மறந்துவிடலாம். அங்கே பெரிய கருவிகளைக் கம்பெனியே தந்துவிடும். நல்ல மீட்டர் ஒன்றும் கைப்பழகிய ஃப்ளேர் செட் ஒன்றும் வைத்துக்கொண்டால் போதும்.

பெல்ட்

இதை அவன் பட்டியலிலேயே எழுதவில்லை. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் ஐந்நூறு ரூபாய்க்கு இருக்கிறதே என்றான். விழும்போது முழு எடையும் இடுப்பிலும் முதுகிலும் வந்து விழும், தலைகீழாகத் தொங்கவும் நேரலாம். தோள், மார்பு, தொடை எல்லாம் சேர்த்துப் பிடிக்கும் முழு ஹார்னஸ் இரண்டாயிரத்துக்குள். அதை ஜன்னல் கம்பியில் மாட்டக் கூடாது. பழைய வீடுகளின் ஜன்னல் சட்டம் நம் எடையைத் தாங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அறைக்குள் ஒரு தூணில், அல்லது மொட்டை மாடியின் கான்கிரீட்டில் கயிற்றைக் கட்ட வேண்டும். இதில் அவனோடு வாதம் செய்யவில்லை. முதலில் வாங்கிய பொருள் இதுதான்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் போய் வாங்கியதன் கணக்கு: ஹார்னஸ் 1,900. இரட்டை நிலைப் பம்ப் 9,200. கேஜும் ஹோஸும் 2,600. தராசு 4,300. எக்சென்ட்ரிக் ஃப்ளேர் 3,200. மீட்டர் 3,600. கோர் ரிமூவர் 1,100. டியூப் கட்டரும் ரீமரும் 750. ஸ்பேனர் இரண்டு, அல்லன் கீ, கட்டிங் பிளேயர், ஸ்குரூ டிரைவர் வகையறா 2,300. அடாப்டர், ஹோஸ் வாஷர், ஒரு பாட்டில் பம்ப் எண்ணெய் 650. பேரம் அவன் பேசினான், எனக்கு வராது. இந்த விலைகள் கடைக்குக் கடை மாறும்.

மீதி நானூறு ரூபாயில் ஒரு கேன்வாஸ் பை வாங்கினான். மைக்ரான் கேஜை மட்டும் என்னுடையதை இரவலாகக் கொடுத்திருக்கிறேன், ஒவ்வொரு வேலையிலும் அது காட்டும் எண்ணை நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இரண்டு மாதத்தில் திருப்பித் தருவதாகச் சொன்னான். வெயில் காலம் முடிவதற்குள் அது என் கைக்கு வராது என்று எனக்குத் தெரியும்.